செயலியின் மூடியைக் கழற்றினால் சூடு குறையுமா?

மாணவர்களே, நான்காம் படிவ மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "டீச்சர், கேம் விளையாடும்போது என் கணினிச் செயலி 90 பாகையைத் தொடுகிறது. மேலே இருக்கும் உலோக மூடியைக் கழற்றினால் சூடு குறையுமாமே, செய்யலாமா?" என்று கேட்டார்.

குறையும். ஆனால் குற்றவாளி மூடி அல்ல.

மேசைக் கணினியின் செயலியைக் கையில் எடுத்தால் கண்ணில் படும் வெள்ளிநிறத் தகடு சிலிக்கன் அல்ல. அது நிக்கல் பூசிய செம்பு மூடி. இதை வெப்பப் பரப்பி என்பார்கள். உண்மையான சில்லு அதன் அடியில் விரல் நகத்தளவில் இருக்கும். (நம் பினாங்கில் 1972 முதல் இன்டெல் தொழிற்சாலை இயங்குவதால், பல மூடிகளில் மலேசியாவின் பெயரையும் பார்க்கலாம்.)

2011இல் வந்த 'சாண்டி பிரிட்ஜ்' செயலிகளில் சில்லும் மூடியும் உலோகப் பற்றாசால் இணைக்கப்பட்டிருந்தன. 2012இல் வந்த 'ஐவி பிரிட்ஜ்' செயலிகளில் அதற்குப் பதிலாக வெப்பப் பசை வந்தது. வேகத்தைக் கூட்டி ஓட்டியவர்கள், சூடு ஏறுவதைக் கண்டு, சவர பிளேடால் மூடியை அறுத்துத் திறக்கத் தொடங்கினர்.

ஏன் என்று நாமே கணக்கிடலாம். ஓர் அடுக்கின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு இது:

திறன் × தடிப்பு ÷ (வெப்பக் கடத்துதிறன் × பரப்பு)

நான்கு கருவுள்ள ஐவி பிரிட்ஜ் சில்லின் பரப்பு சுமார் 160 சதுர மில்லிமீட்டர். திறன் 77 வாட். செம்பின் கடத்துதிறன் ஏறக்குறைய 400. பசைக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். மூடி 2 மில்லிமீட்டர் தடிப்பு என்றால், 77 × 0.002 ÷ (400 × 0.00016) = 2.4 பாகை. பசை வெறும் 0.1 மில்லிமீட்டர்தான், ஆனால் 77 × 0.0001 ÷ (5 × 0.00016) = 9.6 பாகை! இருபது மடங்கு மெல்லிய அடுக்கு நான்கு மடங்கு தடை தருகிறது. திறன் 150 வாட்டானால் அந்த வேறுபாடு ஏறக்குறைய 19 பாகை ஆகும்.

சூத்திரத்தில் தடிப்பையும் கவனியுங்கள். மூடியின் ஓரத்தை ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை மூடியைச் சற்றே தூக்கிப் பிடிக்கிறது. அதனால் உள்ளே வெப்பப் பசையின் அடுக்கும் தடித்துவிடுகிறது. திறந்தவர்களில் பலர் அந்தக் கறுப்புப் பசையைச் சுரண்டி, உள்ளே கேலியம் கலந்த திரவ உலோகத்தைத் தடவி, மூடியைத் திரும்பவும் வைத்துவிடுவார்கள். மூடி வேண்டாத பொருள் அல்லவே! அது வெப்பத்தை அகலமாகப் பரப்புகிறது, எளிதில் விரிசல் விடும் சிலிக்கனையும் காக்கிறது. திரவ உலோகமும் விளையாட்டுப் பொருள் அல்ல. மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும்.

2018இல் வந்த ஒன்பதாம் தலைமுறையின் உயர்ரகச் செயலிகளில் இன்டெல் மீண்டும் பற்றாசுக்குத் திரும்பியது. பெரும்பாலான ரைசன் செயலிகளிலும் பற்றாசுதான். இவற்றை நெம்பினால் சில்லு மூடியோடு பிய்ந்து வரலாம். உத்தரவாதமும் போய்விடும்.

அந்த மாணவரிடம் என்ன கணினி என்று கேட்டேன். மடிக்கணினி என்றார். பொதுவாக மடிக்கணினிச் செயலிகளுக்கு இந்த மூடியே கிடையாது! காற்றாடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். துடுப்புகளுக்கிடையே கம்பளம்போல் தூசு படிந்திருந்ததாம்.