சராசரிக் கணக்கில் மறைந்துபோகும் பிள்ளை

கண்டி நகரிலிருந்து மகாவலியைக் கடந்து கிழக்கே சில கல் தொலைவு சென்றால் குண்டசாலை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நரேந்திரசிங்க மன்னன் மாளிகை அமைத்து வாழ்ந்த ஊர். இன்று அங்குள்ள விவசாயக் கல்லூரியால் பலருக்கும் அறிமுகமானது. இவ்வூரில் ஒரு பெண் கருவுற்றால் குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருவார். பெயரைப் பதிந்து, கிளினிக்குக்கு அழைத்து, நிறை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார். பிள்ளை பிறந்த பின்னும் வந்து விசாரிப்பார். இவை யாவும் இலவசம்.

அதே வீதியில் தெல்தெனியாவைத் தாண்டி ரங்கல மலைப்பக்கம் ஏறுங்கள். தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் தென்படும். மாவட்டம் ஒன்றே. எனினும் தோட்டத்தில் பிறக்கும் பிள்ளையின் வாழ்வு வேறு விதமாகவே தொடங்குகிறது. இது ஏன் என்பதே இவ்வாரப் பாடம்.

உலகம் மெச்சிய நாடு

வளர்முக நாடுகளைப் பற்றிப் பேசுவோர் இலங்கையைப் பாராட்டாமல் விடுவதில்லை. 1934-35இல் பரவிய மலேரியா ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. 1946இல் இந்நாட்டவரின் சராசரி ஆயுள் 43 ஆண்டுகள் அளவிலேயே இருந்தது. இன்றோ அது 75ஐத் தாண்டிவிட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. 1930களில் பிரசவத்தில் இறந்த தாய்மார் இலட்சத்துக்கு 2,000 அளவில் இருந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை 30ஐ ஒட்டி நிற்கிறது. 1985இல் வெளியான உலகறிந்த ஆய்வொன்று, குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்களாகச் சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம், இலங்கை ஆகிய நான்கையும் எடுத்துக்காட்டியது.

இது பணத்தால் வந்த பேறன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டு, நோய் வருமுன் காக்கும் பணி வீட்டு வாசலுக்கே சென்றது. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் ஆசுபத்திரி கேட்டனர், பாடசாலை கேட்டனர். 1945இல் இலவசக் கல்வி வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் வைத்தியரிடம் ஓடினாள். மருத்துவமாது, பாடசாலை, வாக்குச்சீட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்நாட்டைக் கைதூக்கி விட்டன.

மூன்றும் எட்டாத இடம்

தோட்டங்களில் இம்மூன்றும் எவ்வாறிருந்தன? 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, தோட்டம் ஒரு தனி நாடு போலவே நடத்தப்பட்டது. வைத்தியமும் பள்ளியும் துரையின் பொறுப்பில் இருந்தன. மலையகத் தமிழர் 1947இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டத்தால் ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் இரு அரசுகளும் இம்மக்களைத் தொகை பிரித்துப் பங்கிட்டுக்கொண்டன. அவ்வொப்பந்தப்படி பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. எஞ்சியிருந்தோருக்கான குடியுரிமைச் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

வாக்கில்லாதவனின் வாசலுக்கு எந்த அரசியல்வாதி வருவான்? ஊர்களில் இலவசக் கல்வி வளர்ந்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஒற்றை ஆசிரியர் பள்ளியில் சில வகுப்புகளோடு நின்றனர். அரசு அப்பள்ளிகளைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். 1974இன் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பெண் தொழிலாளிக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இலேயே கிடைத்தது. இன்று தோட்டங்களுக்கும் மருத்துவமாது செல்கிறார். பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை வந்துள்ளனர். ஆனால் இழந்த பத்தாண்டுகளின் சுவடு பிள்ளைகளின் உடம்பிலே இன்னும் தெரிகிறது.

2016இல் எடுக்கப்பட்ட நாடளாவிய ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டங்களிலோ 100க்கு 32 பேர். நாட்டின் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த 32 தெரியவே தெரியாது.

குட்டையான பிள்ளை என்றால் என்ன?

“அப்பனும் அம்மாவும் குட்டை, பிள்ளையும் குட்டை” என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அதுவன்று. விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓடும் கர்ப்பிணியை நினைத்துப் பாருங்கள். காலைக்கும் பகலுக்கும் கோதுமை ரொட்டியும் சாயத் தண்ணீரும். முதுகில் கொழுந்துக்கூடை. அவளது இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைகிறது. கருவிலுள்ள சிசுவுக்குப் போதிய ஊட்டம் சேர்வதில்லை. நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றோட்டமும் சளியும் வந்தால், உண்பதும் உடம்பில் ஒட்டாது. கரு உருவான நாளிலிருந்து இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள ஏறக்குறைய 1,000 நாட்களிலேயே எலும்பும் மூளையும் விரைவாக வளர்கின்றன. அந்நாட்களில் ஏற்படும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம். இவ்வாறு வளர்ந்த சிறுமியே நாளை தாயாகிறாள். அவள் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கிறது. பரம்பரை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பரம்பரையாக வந்த பசியே.

கூலியின் பங்கும் இதில் உண்டு. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. இடையில் 2022இன் நெருக்கடி அரிசி, மா, பருப்பு விலைகளை எங்கோ கொண்டுபோய்விட்டது. ஆகவே ‘தாய்மாருக்கு அறிவு போதாது’ என்று பழியை அவர்கள் தலையில் போடுவது நியாயமன்று.

நாம் செய்யக்கூடியவை

எனினும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நாள் தள்ளிப்போனவுடனே மருத்துவமாதிடம் பெயரைப் பதியுங்கள். கிளினிக்கில் தரும் மாத்திரைகளையும் திரிபோஷாவையும் தாய்க்கென்றே வைத்திருங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் பங்கிட்டால் அவளுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை விடுங்கள். தேயிலைச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். ஒரு முழ நிலமிருந்தாலும் முருங்கையும் கீரையும் வையுங்கள். கீரையோடு எலுமிச்சம்புளி சேர்த்துக்கொள்ளுங்கள். கணவன்மாரே, தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் அவ்வேளையில் நீங்கள் சுமந்தால் குறைந்துபோகமாட்டீர்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பில் பெயர் ஆகியவற்றில் அசட்டை வேண்டாம். வாக்கில்லாதிருந்த காலத்தில் நாம் எதையெல்லாம் இழந்தோம் என்பதை மேலே கண்டோம்.

கண்டியிலும் கொழும்பிலும் வாழும் குடும்பங்களுக்கும் ஒரு சொல். நம் சமையலறையில் பாத்திரம் கழுவ மலையிலிருந்து ஒரு சிறுமியை ‘நல்ல வீடு, வயிறாரச் சாப்பிடுவாள்’ என்று அழைத்து வந்த வழக்கம் நம்மிடையே இருந்தது. 16 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவது 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் சொல்லுமுன்னே நம் மனச்சாட்சி சொல்லியிருக்க வேண்டும். அவள் இருக்கவேண்டிய இடம் பாடசாலை. அவளது கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பஸ் கட்டணத்துக்கும் உதவுவோமாயின், இருபது ஆண்டுகளின் பின் அவள் பெறும் பிள்ளைக்கும் சேர்த்தே உதவியவர்களாவோம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் கடைசியாகவும் குறைவாகவும் உண்பவர் யார்? ஏன்?

2. நம் வீட்டில் எல்லோருக்கும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் உண்டா? நம் அயலில் இவை இல்லாதவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நம்மில் யார் முன்வருவார்?

3. பாடசாலையை விட்டு நின்ற பிள்ளை ஒன்றை நமக்குத் தெரியுமா? அப்பிள்ளையின் பெற்றோருடன் இவ்வாரம் பேசுவோமா?