பூஞ்சைகள்: ஆக்கமும் அழிவும்

நுழையும்முன்

மழைக்காலத்தில் ஊறுகாயின் மேலும் தோல்செருப்பின் மேலும் வெண்மையாகப் படர்வதைக் கண்டு, 'பூசணம் பூத்துவிட்டது' என்கிறோம். பூவும் காயும் இல்லாத ஓர் உயிருக்குப் 'பூத்தல்' என்னும் வினையை வழங்கியுள்ளது தமிழ் வழக்கு. உணவைக் கெடுக்கும் ஆற்றலும் உலகைத் தூய்மையாக்கும் ஆற்றலும் அவ்வுயிரிடம் ஒன்றாகவே இருப்பதை இப்பாடம் விளக்குகிறது.

தனி உலகம்

ஓரிடத்தில் நிலைத்து வளர்வதால் பூஞ்சைகள் நெடுங்காலம் தாவரங்களாகவே கருதப்பட்டன. ஆனால், அவற்றிற்குப் பச்சையம் இல்லை. அவற்றின் செல்சுவரில், பூச்சிகளின் புற ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருள் உள்ளது. உணவை விலங்குகளைப் போலக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. 1969ஆம் ஆண்டு விட்டேக்கர் வெளியிட்ட ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சைகள் தனி உலகமாக இடம்பெற்றன.

செரித்தபின் உண்ணுதல்

நாம் உண்டபின் செரிக்கிறோம். பூஞ்சையோ செரித்தபின் உண்கிறது. மெல்லிய இழைகளாகப் பரவி, நொதிகளை வெளியே சுரந்து, உணவைக் கரைத்து உறிஞ்சுகிறது. நாம் காணும் காளான், வித்துகளைப் பரப்புவதற்காக மேலெழுந்த உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் மண்ணிலும் மரத்திலும் வலைபோலப் பின்னிக் கிடக்கிறது. உதிர்ந்த சருகும் வீழ்ந்த மரமும் மட்கி உரமாவது இவ்வாற்றலால்தான். இதே ஆற்றல் களஞ்சியத்திலோ உடலிலோ செயற்படும்போது கேடாகிறது.

உயிர்காத்த பூஞ்சை

உணவுக்காகப் பாக்டீரியாக்களோடு போட்டியிடும் பூஞ்சைகள் சில, அவற்றைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங், தம் ஆய்வுத்தட்டில் தற்செயலாக வளர்ந்த பெனிசிலியம் பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் அழிந்திருந்ததைக் கண்டார். ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் ஆகியோர் அதனை மருந்தாக உருவாக்கினர். 1941இல் அம்மருந்தைப் பெற்ற காவலர் ஒருவர் தேறிவந்தார். இருந்த மருந்து தீர்ந்துபோனதால் உயிரிழந்தார். பெருமளவில் மருந்து செய்யும் வழியைத் தேட அவ்விழப்பும் தூண்டியது. மூவரும் 1945இல் நோபல் பரிசு பெற்றனர்.

உணவில் நஞ்சு

1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்திருந்தது. அது உண்டாக்கிய நஞ்சே அஃப்ளடாக்சின். அந்நஞ்சு நாள்பட உடலிற் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும்; சமைக்கும் சூட்டில் முழுதும் அழிவதில்லை. எனவே, கடலையை நன்கு உலர்த்திச் சேமித்தலும் பூசணம் பிடித்ததை நீக்குதலும் நோய்த்தடுப்பே ஆகும்.

உடலில் பூஞ்சை

படர்தாமரை, தோலில் வாழும் பூஞ்சையால் வருவது. மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் சிவப்பும் அரிப்பும் தணியும். பூஞ்சையோ மறைவில் பரவும். 2021இல் கொரோனாத் தொற்றின்போது பலரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை நோய், கட்டுப்படாத நீரிழிவும் மிகுதியான ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலைக் குறைத்த உடல்களையே பெரிதும் பற்றியது. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று.

தெரியுமா?
பூஞ்சையின் செல், பாக்டீரியாவின் செல்லைவிட மனிதச் செல்லையே மிகுதியும் ஒத்தது. ஆதலால், நம் செல்களைத் தாக்காமல் பூஞ்சையை மட்டும் அழிக்கும் மருந்துகளை உருவாக்குவது கடினம்.

பூஞ்சைக்கு நட்பும் இல்லை; பகையும் இல்லை. ஈரமும் உணவும் உள்ள இடத்தில் அது தன் தொழிலைச் செய்கிறது. அத்தொழில் எங்கு நடக்கலாம், எங்கு நடக்கலாகாது என்பதை அறிந்து நடப்பது நம் பொறுப்பு.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் தானியங்களைப் பூசணம் பிடிக்காமல் காக்கும் முறைகளைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. 'செரித்தபின் உண்ணுதல்' என்னும் இயல்பே பூஞ்சையின் ஆக்கத்திற்கும் அழிவிற்கும் காரணமாவதைச் சான்றுடன் விளக்குக.