ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன்: மதுரைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மார்ச் பிறந்தால் மதுரையில் அரசுப் பள்ளி வாசல்களில் மாணவர் சேர்க்கை பேனர் ஏறிவிடுகிறது. ஆரப்பாளையத்திலோ அனுப்பானடியிலோ குடியிருப்பவர்களுக்கு நடந்துபோகும் தூரத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் உண்டு. எதில் சேர்ப்பது? பக்கத்து வீட்டார் பேச்சு, சுவரில் புதுப் பெயின்ட், ஆங்கில வழிப் பலகை. பெரும்பாலும் இந்த மூன்றை வைத்தே முடிவாகிவிடுகிறது. ஒரு வாரம் மெனக்கெட்டால் இதைவிட நல்ல முடிவுக்கு வரலாம்.

முதலில் அது யாருடைய பள்ளி என்று தெரிந்துகொள்ள வேண்டும். நகருக்குள் மாநகராட்சிப் பள்ளிகள். திருப்பரங்குன்றம், அலங்காநல்லூர், மேலூர் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். உசிலம்பட்டி, செல்லம்பட்டி வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் தனி. கழிப்பறைக் கதவு உடைந்தாலோ ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தாலோ எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பது இதைப் பொறுத்தது.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. ஒப்பிடுவதற்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர், அதற்கு மேல் 200 வரை ஐவர் இருக்க வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை 150-ஐத் தாண்டினால் தனியாகத் தலைமை ஆசிரியரும் வேண்டும். ஆக, 40 பேர் படிக்கும் கிராமப் பள்ளியில் சட்டத்துக்குக் குறைவில்லாமலே இரண்டு பேர்தான் ஐந்து வகுப்பையும் சேர்த்து நடத்துவார்கள். அதனாலேயே அது மோசமான பள்ளி என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளையின் பெயரும் வீட்டு நிலவரமும் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது அங்கேதான். ஆனால் அந்த இருவரில் ஒருவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருந்தால் நிலைமை தலைகீழ். பள்ளிப் புள்ளிவிவரங்களைத் தரும் யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் பள்ளியின் பெயரையோ 11 இலக்க எண்ணையோ கொடுத்தால் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை கிடைக்கும். அது முந்தைய கல்வியாண்டுக் கணக்காக இருக்கலாம் என்பதால், இன்றைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நேரில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

நேரில் போவதென்றால் வேலைநாள் காலையில் போக வேண்டும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, மூன்றாம் வகுப்பு வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துச் சொல்லித்தரும் முறையைக் கொண்டுவந்தது. அரும்பில் இருக்கும் பிள்ளையைக் கைதூக்கிவிட ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கேட்கலாம். பாடப்புத்தகத்துக்கு வெளியே உள்ள ஒரு சின்னக் கதையை ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறதா என்று பார்க்கலாம். வகுப்பு நூலகப் புத்தகங்களின் ஓரம் மடங்கி அழுக்கேறியிருந்தால் மனசுக்குள் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம். பீரோவுக்குள் புத்தம்புதிதாகப் பூட்டிக் கிடந்தால் குறைத்துக்கொள்ளலாம். ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். தமிழையே தடுமாறி வாசிக்கும் வகுப்பில் பலகையை மாற்றி என்ன பயன்?

காலை உணவையும் பார்க்கத் தவறக் கூடாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொரு பட்டியல் இருக்கிறது. சாம்பாரில் காய் தட்டுப்படுகிறதா, சாப்பாடு பிள்ளைகளுக்கு ஆறுவதற்குள் கிடைக்கிறதா, கைகழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதைப் பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடலாம். அப்படியே கழிப்பறையையும் எட்டிப்பார்த்துவிடலாம்.

பள்ளிக்குப் போகும் வழி எப்படி? நான்குவழிச்சாலையைக் கடந்துதான் போக வேண்டும் என்றால், அரை கிலோமீட்டர் தூரம் கூடினாலும் சாலையைக் கடக்காத பள்ளியே மேல். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் தெருக்களில் வெள்ளம் புகுந்ததை மதுரை மறந்திருக்காது. தாழ்வான பகுதி என்றால் ஐப்பசியில் பள்ளி வளாகத்தில் தண்ணீர் நிற்குமா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எங்கே என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. நடுநிலைப்பள்ளி என்றால் எட்டு வரை கவலையில்லை. அதற்கு மேல் பக்கத்தில் பள்ளி இல்லாத குறை எவ்வளவு பெரிது என்பதை மதுரை மாவட்டத்தின் கொடிக்குளம் கிராமம் காட்டியது. அங்குள்ள நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளியாக வேண்டும் என்று ஆயி பூரணம் அம்மாள் 2024 ஜனவரியில் தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டு குடியரசு நாளில் அரசு அவருக்கு முதலமைச்சரின் சிறப்பு விருது வழங்கியது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது என்பதையும் உதவிபெறும் பள்ளியை யோசிப்பவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

இரண்டு பள்ளிகள் சமமாகத் தோன்றினால், பள்ளி மேலாண்மைக் குழு எதில் உயிரோடு இருக்கிறது என்று பார்க்கலாம். சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கடைசிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று கேட்டால், கூட்டம் நடந்ததா, கையெழுத்து மட்டும் வாங்கினார்களா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

முடிவெடுத்த பிறகு தாமதம் வேண்டாம். ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைகிற பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது; பிள்ளையைச் சேர்த்துவிட்டுச் சான்றிதழைப் பிறகு கொடுக்கலாம்.