கணக்கை யாரிடம் ஒப்படைப்பது?

வளர்ச்சித் திட்டங்களுக்கு வேண்டிய நிதியில் வரி வருவாயின் பங்கு எத்தகையது என்பதைப் பொருளாதார மாணவர்கள் நன்கு அறிவர். ஆனால் அவ்வருவாயின் பெரும்பகுதி, வரி செலுத்துவோர் தாமே எழுதி உறுதி கூறி அளிக்கும் கணக்கை அடிப்படையாகக் கொண்டே வசூலாகிறது என்பது போதிய கவனத்தைப் பெறுவதில்லை. வரி அதிகாரி ஒவ்வொரு கடையாகப் படியேறிக் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் இயலாது. குடிமக்களின் கூற்றை ஏற்பதும், ஐயத்துக்கு இடமானவற்றை மட்டும் ஆராய்வதுமே நடைமுறை. இக்கூற்றைத் தாமே எழுத அறியாதவர்கள் வேறொருவரின் உதவியை நாடுகின்றனர். அவ்வாறு நாடப்படுபவர் தகுதியுடையவர்தாமா என்பது தனிமனிதரின் சொந்த விஷயம்போலத் தோன்றினும், வரி முறை முழுவதன் நம்பகத்தன்மையும் அதில் அடங்கியிருக்கிறது.

2025 ஜூலை 14ஆம் நாள் நேரடி வரிகள் மத்திய வாரியம் வெளியிட்ட அறிவிப்பு இதனைத் தெளிவாக உணர்த்தியது. மகாராஷ்டிரம், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் படிவம் எழுதித் தரும் இடைத்தரகர்கள் சிலர், இல்லாத செலவுகளையும் நன்கொடைகளையும் காட்டி, வரியைத் திரும்பப் பெற்றுத் தரும் வேலையைக் கூட்டாக நடத்திவந்தனர் என்று அது கூறியது. வீட்டு வாடகைப்படி, மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன் வட்டி, அரசியல் கட்சி நன்கொடை ஆகிய சலுகைகளே பெரிதும் தவறாகப் பயன்படுத்தப்பட்டன. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தம் கணக்குகளைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டனர். அறிவிப்பில் மற்றொரு விவரமும் உண்டு. மொத்தமாகப் படிவம் தாக்கல் செய்வதற்கென்றே தரகர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கி, பின்னர் அவற்றைக் கைவிட்டனர். துறை அனுப்பிய அறிவிக்கைகள் எவராலும் படிக்கப்படாமல் அம்முகவரிகளிலேயே கிடந்தன. கணக்குக்குரியவர் தம்மீது கேள்வி எழுந்திருப்பதையே அறியாதிருந்தார்.

தகுதியும் பொறுப்பும்

இன்று நாம் சாதாரணமாக 'ஆடிட்டர்' என்றழைக்கும் பட்டயக் கணக்கரின் தொழில் நம் நாட்டில் உருப்பெற்றதில் மும்பை நகருக்குத் தனி இடம் உண்டு. அங்கே 1897ஆம் ஆண்டிலேயே கணக்காய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியவர் பேராசிரியர் கே. எஸ். அய்யர். 1913இல் நிறுவப்பட்ட சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியின் தொடக்கக் காலத்தில் அவர் அதன் கௌரவ முதல்வராகவும் பணியாற்றினார். 1918இல் பம்பாய் அரசு கணக்கியலுக்கெனப் பட்டயப் படிப்பொன்றைத் தொடங்கிற்று. நாடு விடுதலை பெற்றபின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்கீழ், 1949 ஜூலை 1ஆம் நாள் இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் தோன்றியது. அதன் முதல் தலைவரான ஜி. பி. கபாடியாவும் பம்பாயைச் சேர்ந்தவரே.

இச்சட்டம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதோடு நின்றுவிடவில்லை. தொழில் நடத்தையில் தவறும் உறுப்பினரை விசாரிக்கவும், பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கவும் வழி செய்தது. இதன் பொருளாதார முக்கியத்துவத்தை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், மட்டமான சரக்கு நல்ல சரக்கை வெளியேற்றிவிடும் என்பதே அது. வரிக் கணக்கு எழுதும் பணியும் அத்தகையதே. சொல்லப்போனால் அதனினும் மோசமானது. பழைய வண்டியின் குறை சில மாதங்களில் தெரிந்துவிடும். பொய்யான படிவத்தின் குறையோ ஓரிரு ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவரும். அதுவரை அது நல்ல படிவத்தைவிட இலாபகரமானதாகவே தோன்றும். எனவே படிவத்தைப் பார்த்து எழுதியவரின் தரத்தை அறிய இயலாது. தவறு நேர்ந்தால் அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காக எல்லாருக்கும் பட்டயக் கணக்கர் வேண்டும் என்பதன்று. படிவம் நிரப்பித் தாக்கல் செய்ய அப்பட்டம் வேண்டுமென்று சட்டம் கூறவில்லை. வழக்கறிஞர், அடக்கவிலைக் கணக்கர், சரக்கு மற்றும் சேவை வரிக்கெனத் தேர்வெழுதிப் பதிவு பெற்ற தொழிலர் ஆகியோரும் தத்தம் எல்லைக்குள் உதவத் தகுதியுடையவர்களே. ஆயினும் வருமான வரித் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடப் பட்டயக் கணக்கருக்கு மட்டுமே உரிமை உண்டு. அதுவும் தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்றவருக்கே. ஏதோ ஒரு நிறுவனத்தில் முழுநேரச் சம்பளத்தில் இருக்கும் பட்டயக் கணக்கர் அவ்வறிக்கையில் கையொப்பமிட இயலாது. கடைக்காரரின் உறவினர் இடுவதையும் சட்டம் தடுக்கிறது. "மைத்துனரே ஆடிட்டராக இருக்கிறார், நமக்கென்ன கவலை" என்றிருப்போர் இதனை அறிந்திருப்பது நல்லது.

மூன்று பகுதிகள், மூன்று தேவைகள்

மும்பையில் தமிழர் பெருமளவில் வாழும் மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டால், தேவைகளின் வேறுபாடு எளிதில் விளங்கும். செம்பூரிலும் அதனையடுத்த டிராம்பேயிலும் உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அணு ஆராய்ச்சி மையம் ஆகியவை அமைந்துள்ளமையால் மாதச் சம்பளம் பெறுவோர் மிகுதி. சம்பளமும் வங்கி வட்டியும் தவிர வேறு வருமானம் இல்லாதவருக்குக் கணக்கர் தேவையில்லை என்றே கூறலாம். துறையின் இணையதளம் பெரும்பாலான விவரங்களைத் தானே நிரப்பித் தருகிறது, கட்டணமும் இல்லை. இருந்தும் இவர்களைத்தான் தரகர்கள் மிகுதியும் நாடுகின்றனர். பிடித்த வரியைத் திருப்பி வாங்கித் தருவதாகவும், வருவதில் ஒரு பங்கு தந்தால் போதும் என்றும் கூறுகின்றனர். உதாரணமாக, 30,000 ரூபாய் அவ்வாறு திரும்ப வந்து, 3,000 ரூபாய் தரகருக்குச் சென்றது என்று கொள்வோம். கோரிக்கை பொய்யென்று பின்னர்த் தெரியவரின் அந்த 30,000 ரூபாயும் வட்டியும் செலுத்தவேண்டியிருப்பதோடு, வருமானத்தைத் திரித்துக் காட்டியதற்காக வரியின் இருமடங்கு, அதாவது 60,000 ரூபாய், தண்டமாக விதிக்கப்படலாம். இதில் ஒரு ரூபாயும் தரகரைச் சாராது. வருமானச் சான்றுக்குக் கீழே உறுதி கூறியவர் ஊழியரே.

மாடுங்காவின் நிலை வேறு. ஃபோர்ட் பகுதி வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகவும் கணக்கராகவும் பணிபுரிந்த தலைமுறை குடியேறிய இடம் அது. ஓய்வூதியமும் வைப்பு வட்டியும் மட்டுமே உடையவருக்குச் சிக்கல் இல்லை. வீட்டை விற்றவர், பங்குகளை விற்றவர், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுடன் கூட்டாகச் சொத்து வைத்திருப்பவர் ஆகியோர் அந்த ஓராண்டுக்கேனும் தகுதியானவரிடம் ஆலோசனை பெறுதல் வேண்டும்.

உண்மையான தேவை தாராவியில்தான் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் வேரூன்றிய அப்பகுதியில், தோல் பதனிடுதல் பெரும்பாலும் அகன்றுவிட்டபோதிலும், தோல் பை, இடுப்பு வார், பணப்பை தைக்கும் பட்டறைகள் இன்றும் உள்ளன. ஆயத்த ஆடை, பழைய பிளாஸ்டிக் தரம் பிரித்தல், இட்லி வியாபாரம், கும்பார்வாடாவின் மண்பாண்டம் எனத் தொழில்கள் பல. பட்டயக் கணக்கர் கழகத்தின் மேற்கு மண்டல அலுவலகமும், வருமான வரித் துறையின் கௌடில்ய பவனும் மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் இருக்கின்றன. தொலைவு மிகச் சிறிது. ஆயினும் பட்டறைக்காரர் நாடிச் செல்வது பெரும்பாலும் தெருமுனையில் ஒளிநகல் இயந்திரமும் கணிப்பொறியும் வைத்திருப்பவரையே. அவரை ஏளனம் செய்வதற்கில்லை. தமிழில் பேசுகிறார், இரவு ஒன்பது மணிக்கும் கடை திறந்திருக்கிறது, குறைந்த கட்டணம் வாங்குகிறார். அவர் கேட்கத் தவறும் கேள்விகளில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு தோல் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் 30 இலட்சம் ரூபாய். உரிமையாளர் தாமே தோல் வாங்கிப் பை தைத்து மகாராஷ்டிரத்துக்குள் விற்பவராயின், சரக்கு மட்டும் விற்போருக்கான 40 இலட்சம் ரூபாய் வரம்புக்குள் இருப்பதால், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு பொதுவாகத் தேவைப்படாது. பிறர் கொடுக்கும் தோலைத் தைத்துக் கூலி பெறுபவராயின் அது சேவை. வரம்பு 20 இலட்சமே. ஒரே அறை, அதே தையல் இயந்திரங்கள், அதே தொகை; சட்டத்தின் முன் இருவேறு நிலைகள். தோல் யாருடையது என்ற கேள்வியைக் கேளாமல் எவரும் அப்பட்டறையின் கணக்கைச் சரியாக எழுத முடியாது.

வருமான வரியில் சிறு வணிகருக்கு அனுமான முறை ஒன்று உள்ளது. 2 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளோர், ரொக்க வரவில் 8 விழுக்காடும் வங்கி வழி வரவில் 6 விழுக்காடும் இலாபமாகக் காட்டி, விரிவான பேரேடுகள் இன்றியே கணக்கை முடிக்கலாம். ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்கு மேற்படாதோருக்கு வரம்பு 3 கோடி. எளிய முறைதான். ஆனால் இதில் சேர்ந்தவர் இடையில் ஓராண்டு இலாபம் குறைந்ததெனக் கூறி விலகினால், அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மீண்டும் இம்முறைக்குத் திரும்ப முடியாது. வரி விலக்கு வரம்புக்கு மேல் வருமானம் இருப்பின், பேரேடு எழுதவும் தணிக்கை செய்யவும் வேண்டிவரும். அந்த ஓராண்டின் சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக ஐந்தாண்டுச் சலுகையை இழப்பது தகுமா என்று எடுத்துரைப்பவரே கணக்கர் என்னும் பெயருக்கு உரியவர்.

வங்கிக் கடனுக்காக விற்றுமுதலைக் கூட்டிக் காட்டும் வழக்கம் இதனினும் தீங்கானது. மேற்சொன்ன பட்டறைக்காரருக்கு 60 இலட்சம் என்று எழுதித் தந்தால் கடன் எளிதாகலாம். ஆனால் நேரடி வரி, மறைமுக வரி வாரியங்கள் இரண்டும் தகவல்களைத் தம்முள் பகிர்ந்துகொள்ள 2020 ஜூலையில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 60 இலட்சம் விற்றவர் ஏன் பதிவு பெறவில்லை என்ற கேள்வி, கடன் தவணை முடியுமுன்பே வந்துசேரக்கூடும். விற்றதில்லை என்று அப்போது நிரூபிப்பது, விற்றதை நிரூபிப்பதைவிடக் கடினம்.

அறிந்துகொள்ளும் வழி

பட்டயக் கணக்கரின் உறுப்பினர் எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. கழகத்தின் இணையதளத்தில் அதனைச் சரிபார்க்கலாம். அவர் அளிக்கும் சான்றிதழ்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் 18 இலக்க அடையாள எண் ஒன்று இருத்தல் வேண்டும். 2019 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட இவ்வெண்ணைக் கொண்டு, சான்றிதழ் உண்மையானதா என்பதை வங்கி மட்டுமன்றிக் கடைக்காரரும் கழகத்தின் தளத்தில் கண்டறியலாம். பட்டயக் கணக்கரல்லாதார் இத்தகைய எண்ணைப் பெற முடியாது.

கட்டணமும் ஓர் உரைகல். இலாபத்தில் இத்தனை விழுக்காடு என்றோ, வேலையின் முடிவைப் பொறுத்தோ கட்டணம் பெறுவதைப் பட்டயக் கணக்கர் சட்டம், குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் நீங்கலாக, நடத்தைத் தவறாகக் கருதுகிறது. எனவே திரும்ப வரும் வரியில் பங்கு கேட்பவர் பட்டம் பெறாதவராக இருக்க வேண்டும், அல்லது பட்டத்தின் விதியை மீறுபவராக இருக்க வேண்டும். 'உத்யம்' பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். எழுதித் தந்த உழைப்புக்குக் கூலி கேட்பது வேறு. அரசுக் கட்டணம் என்று கூறிப் பணம் வாங்குவது வேறு.

இணையதளக் கணக்கில் பதிவாகும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வரி செலுத்துபவருடையதாகவே இருத்தல் வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவர் மகனுடையதையோ மகளுடையதையோ கொடுக்கலாம். தரகருடையதைக் கொடுத்தல் ஆகாது. தாக்கல் செய்த படிவத்தின் படியையும் ஒப்புகைச் சீட்டையும் அன்றே கேட்டு வாங்குதல் வேண்டும். ஒப்புகைச் சீட்டு மட்டும் போதாது; எந்தச் சலுகை எவ்வளவு கோரப்பட்டது என்பது படிவத்தில்தான் இருக்கும்.

கணக்கரை மாற்ற நேரிடுவதும் உண்டு. ஒரு பட்டயக் கணக்கர் செய்துவந்த தணிக்கைப் பணியை ஏற்கும் மற்றொருவர், முன்னவருக்கு எழுத்து மூலம் தெரிவித்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது விதி. புதியவர் இதனைக் குறிப்பிட்டால் அது தயக்கமன்று, ஒழுங்கு. நடத்தையில் தவறியவர்மீது கழகத்தின் ஒழுங்குத் துறை இயக்குநரிடம் உரிய படிவத்தில் முறையிடலாம். தெருமுனைத் தரகரிடமிருந்து விலகும்போது இத்தகைய வழி ஏதுமில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, முந்தைய ஆண்டுகளின் படிவங்களையும் வங்கி விவரங்களையும் மூல ரசீதுகளையும் எண்ணிச் சரிபார்த்துத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். இவை கிடைக்காவிடில், சென்ற ஆண்டின் இறுதி இருப்பு எவ்வளவு என்பதே தெரியாமல் புதிய கணக்கர் முதல் பக்கத்தை எழுத வேண்டியிருக்கும்.