மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள மகளுக்கு ஒரு விடுமுறை நாளில் ஓர் இடம் போதும். காலையில் அருங்காட்சியகம், மதியம் பூங்கா, மாலையில் கடற்கரை என்று பெரியவர்கள் போடும் திட்டத்தில் குழந்தையின் நாள் பெரும்பாலும் வண்டியிலேயே கழிந்துவிடுகிறது. அந்த ஓர் இடத்தையும் முழுக்கப் பார்த்து முடிக்க வேண்டியதில்லை. சென்னையை அடுத்த வண்டலூர் உயிரியல் பூங்காவின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். சுற்றி வரப் பெரியவர்களுக்கே கால் ஓய்ந்துபோகும். குழந்தை கேட்கும் இரண்டு மூன்று விலங்குகளை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் இதே முறை பொருந்தும். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் முன் அவள் அரை மணி நேரம் நின்றால் இழுத்துக்கொண்டு நகரக் கூடாது. வெண்கலச் சிலைகளை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

போகும் வழியும் பயணத்தில் சேர்ந்ததுதான். வண்டலூருக்குத் தாம்பரம் வழியே மின்சார ரயிலிலேயே போகலாம். சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஜன்னலோர இருக்கையும் அடுத்தடுத்து வரும் நிலையங்களின் பெயர்ப் பலகைகளும் எழுத்துக் கூட்டத் தொடங்கிய குழந்தைக்கு நல்ல பாடம். ஐந்து வயதுக்குள் டிக்கெட்டும் தேவையில்லை.

சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பத்து மணிக்கு மேல் வெயில் சுடும். அதனால் ஏழரைக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குள் வீடு சேர்ந்துவிட்டால் குழந்தையின் மதியத் தூக்கம் கெடாது. தூக்கமும் பசியும் தவறிய குழந்தையின் அழுகையை அடம் என்று எண்ணிக் கண்டிப்பதில் நியாயமில்லை. பையில் தண்ணீர், வாழைப்பழம், இட்லி, தொப்பி, மாற்றுத் துணி ஒன்று இருந்தால் போதும். உடுப்பு ஓடவும் ஏறவும் தோதான பருத்தியாக இருக்க வேண்டும். பட்டுப்பாவாடை கட்டி அழைத்துப் போய், அழுக்காக்காதே என்று நாள் முழுதும் தடுப்பது அவளுடைய விளையாட்டைப் பறிப்பதாகும். சறுக்கு மரத்தில் ஆண் பிள்ளைகள் ஏறும் உயரம் பெண் பிள்ளைக்கும் உரியது.

ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் போவதில் குழந்தைகளுக்குச் சலிப்பு வருவதில்லை. பருவம் மாறுவதை அவர்கள் காண்பது அப்படித்தான். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரைகளில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். அவற்றைத் தன்னார்வலர்களும் வனத்துறையினரும் பெசன்ட் நகரில் உள்ளது போன்ற பொரிப்பகங்களில் புதைத்துக் காக்கிறார்கள். சுமார் ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். பொங்கலையொட்டி மணலில் விளையாடிய பிள்ளை, அதே கரையில் பங்குனி மாத மாலையில் குஞ்சுகள் அலையை நோக்கி நகர்வதைக் கண்டால், உயிர்கள் பிழைப்பதற்குப் பொறுமையும் காவலும் வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிவாள்.

இந்த நாள் தாய்க்கும் விடுமுறையாக வேண்டும். விடியலில் எழுந்து சமைத்து, பை கட்டி, பிள்ளையின் பின்னால் ஓடி, திரும்பியதும் துணி துவைப்பது அவளுக்கு இன்னொரு வேலை நாள்தான். மாதத்தில் சில காலைகளிலாவது தந்தை மட்டும் மகளை அழைத்துப் போவது மூவருக்கும் நன்மை. தலை பின்னுவது, ஊட்டுவது, கழிவறைக்கு அழைத்துச் செல்வது எல்லாம் தந்தைக்கும் கைவர வேண்டியவை. வீட்டு வேலை யாருக்கு உரியது என்பதை மகள் கற்பது பெற்றோரைப் பார்த்துத்தான்.

சொன்ன சொல் காப்பது எல்லாவற்றிலும் முக்கியம். பலூனா ஐஸ்கிரீமா, எது ஒன்று என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டால் கடை வாசலில் சண்டை வராது. மழையோ காய்ச்சலோ வந்து பயணம் நின்றால் காரணத்தைச் சொல்லி, அடுத்த நாளைக் குறித்து, அதைத் தவறாமல் நிறைவேற்ற வேண்டும். போக முடியாத வாரங்களில் மொட்டை மாடியும் காய்கறிச் சந்தையும் போதும். பிள்ளை கேட்பது தந்தையின் கவனத்தை. ஆகையால் அந்த நேரத்தில் கைபேசி பைக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா