மண்டையோட்டில் பட்டுத் திசைமாறும் குண்டு

1930 டிசம்பர் 8ஆம் நாள் கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்தினுள் புகுந்து சிறைத்துறைத் தலைமை அதிகாரி சிம்ஸனைச் சுட்டுக் கொன்ற மூவருள் பினாய் பாசு, தினேஷ் குப்தா ஆகிய இருவரும் பிடிபடுந் தறுவாயில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டனர். பினாய் ஐந்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். தினேஷோ பிழைத்தெழுந்து, 1931 ஜூலை 7இல் தூக்கிலிடப்பட்டார். குண்டு பட்டதும் உயிர் போயே தீரும் என்பதில்லை. குண்டு சென்ற பாதையே பெரும்பாலும் விளைவை முடிவு செய்கிறது. தலையில் அப்பாதை எளிதில் வளையக் கூடியது.

மண்டையோட்டில் கடினமான வெளியேடு, உள்ளேடு என இரண்டு உண்டு. அவற்றிடையே கடற்பஞ்சு போன்ற மென்னெலும்பு அமைந்துள்ளது. இவ்வமைப்பு வளைந்து கவிந்திருப்பதால், குண்டு செங்குத்தாகப் பட்டால் துளைக்கும். மிகச் சாய்வாகப் பட்டால் நழுவித் திசைமாறும். குளத்து நீரில் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு அமிழாமல் தத்திச் செல்வது இதற்கு ஒருவாறு ஒப்பாகும். வேகங்குறைந்த ஈயக்குண்டு சில வேளைகளில் எலும்பைத் துளைக்காது, தோலுக்கும் எலும்புக்கும் இடையே வளைந்தோடி, பட்ட இடத்திற்கு வெகு தொலைவில் தங்கிவிடும். சில குண்டுகள் உட்புகுந்து, எதிர்ப்புற உள்ளேட்டில் மோதித் திரும்பி, மூளையில் இரண்டாவது பாதையையும் வகுக்கும்.

குண்டு உட்புகாவிடினும் ஆபத்து நீங்கியதாகாது. வெளியேடு சிறிதே கீறப்பட்டிருக்க, உள்ளேடு உடைந்து அதன் சில்லுகள் மூளையைக் குத்தலாம். உள்ளே குருதியும் கசியலாம். காயமுற்றவர் எழுந்து நடப்பார், தெளிவாகப் பேசுவார். சில மணி நேரத்தில் நினைவிழப்பார். ஆதலின், "குண்டு உரசியதுதான்" என்று எவரையும் வீட்டிற்கு அனுப்பலாகாது. காயத்தைத் துணியால் மூடி, உள்ளே எதையும் துழாவாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

புலனாய்வாளர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இரு துளைகளை நேர்க்கோட்டால் இணைத்து, சுட்டவர் நின்ற இடத்தைக் குறித்துவிட்டால், குற்றமற்றவர் மீது பழி விழக்கூடும். எலும்பே உண்மையைக் கூறும். குண்டு புகுந்த துளை பெரும்பாலும் உட்புறமாகவும், வெளியேறிய துளை வெளிப்புறமாகவும் புனல்போல் விரிந்திருக்கும். சாய்வாகப் பட்ட குண்டு இவ்விரு தன்மையும் கலந்த சாவித்துளை வடிவத்தை உண்டாக்குவதுண்டு. இத்தகைய சான்றுகளை ஆராயும் மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களுள் முதலாவது, 1957இல் கல்கத்தாவிலேயே நிறுவப்பட்டது.

ஆசிரியர்கள் இவ்விரிவை விளக்க, சிறு கல் துளைத்த சன்னல் கண்ணாடி ஒன்று கிடைப்பின் அதைக் காட்டலாம். கல் வெளியேறிய பக்கமே அகன்றிருப்பதை மாணவர் தாமே காண்பர்.