ஆலத்தியூர் வெயிலில் ஓவர்கிளாக்

“மாமா, இதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏத்த முடியுமா?” என்று அக்கா மகன் கேட்டது கத்திரி வெயில் நேரம். ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலைக்குப் பக்கத்தில் வீடு. அவன் அறை மாடியில். ராத்திரி ஒன்பது மணிக்கும் தளம் சூடு இறங்காது. கடையில் பூட்டித் தந்த கேமிங் சிஸ்டம் அது. நான் கம்ப்யூட்டரைத் தொடும் முன் சுவரில் தெர்மாமீட்டரை மாட்டினேன். 36 டிகிரி.

யூடியூபில் ஓவர்கிளாக் செய்து காட்டுகிறவர்களின் அறை பெரும்பாலும் ஏ.சி. போட்ட 22 டிகிரி. எந்தக் கூலரும் அறைக்காற்றை வைத்துத்தான் சூட்டை இறக்கும். அங்கே 75 டிகிரியில் நிற்கிற சிப் இங்கே 90-ஐத் தொடும். இன்டெல் சிப்கள் பல 100 டிகிரியிலும், ரைசன் 5000 வரிசையில் பல 90 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது நம் ஊரில் நிறைய சிஸ்டங்கள் தங்கள் சொந்த வேகத்திலேயே ஓடுவதில்லை. ஓவர்கிளாக் பற்றிப் பேசும் முன் அந்தப் பறிபோன வேகத்தை மீட்க வேண்டும்.

ஆசை நியாயமானதுதான். 1998-ல் வந்த செலரான் 300ஏ சிப்பை, பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஒன்றரை மடங்கு, காசில்லாமல்! இன்றைக்கு அந்த வேலையைக் கம்பெனியே செய்துவிடுகிறது. அவனிடம் இருந்த ஐ5-12400எஃப் பெயரளவில் 2.5 கிகாஹெர்ட்ஸ், சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் தானாகவே 4.4 வரை ஏறும். நமக்கென்று மிச்சம் வைத்தது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சமும் எல்லோருக்கும் கிடையாது. இன்டெல்லில் பிராசசர் பெயர் ‘கே’ என்ற எழுத்தோடு (அல்லது ‘கேஎஃப்’ என்று) முடிய வேண்டும்; மதர்போர்டும் இசட்690, இசட்790 போன்ற இசட் வகையாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வேகத்தை ஏற்றுகிற பெருக்கெண் (மல்டிப்ளையர்) பூட்டியே இருக்கும். ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன் சிப்கள் திறந்தவை, ஆனால் ஏ320, ஏ520 போர்டுகள் விடாது. பி450, பி550 விடும். 5800எக்ஸ்3டி சிப் எந்தப் போர்டிலும் பூட்டுதான். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் பிராசசரும் போர்டும் தெரிந்துவிடும். பெரிய பிராண்ட் பெட்டிகளில் இன்னொரு தடை: சிப் அனுமதித்தாலும் பயாஸில் அதற்கான அமைப்பே இல்லாமல் போகலாம். அக்கா மகனுடையது எச்610 போர்டு. அவன் கேள்விக்குப் பதில் அங்கேயே முடிந்தது.

ஓவர்கிளாக் செய்ய முடிகிறவர்கள் கணக்கைப் பாருங்கள். 4.9-லிருந்து 5.1-க்குப் போனால் நாலு சதவீதம். அதற்கு வோல்டேஜை 1.25-லிருந்து 1.35-க்கு ஏற்ற வேண்டியிருந்தது என்று வையுங்கள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதால் 125 வாட் சிப் 150 வாட்டைத் தாண்டும். நூறு ஃபிரேம் ஓடிய கேம் நூற்று நாலைத் தொட்டால் அதிகம், அதுவும் தடை பிராசசரில் இருந்தால்தான். தடை எங்கே என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. கேமின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. பிராசசரைச் சுரண்டிப் பயனில்லை, காசு சேர்த்துக் கார்டை மாற்றலாம். ஏறாமல் அப்படியே நின்றால் பிராசசர் பக்கம் பாருங்கள்.

அப்போதும் முதலில் ராம். கடைகள் பெரும்பாலும் ஒற்றை எட்டு ஜிபி குச்சியைச் செருகித் தருகின்றன. அதே ரகத்தில் இன்னொன்று போட்டால் இரட்டைச் சேனலில் ஓடும். பல கேம்களில் இது ஓவர்கிளாக்கை விடக் கூடுதலாகத் தரும். பயாஸில் எக்ஸ்எம்பி இருந்தால் அதையும் போடுங்கள். அதைப் போடாததால் 3200 என்று விற்ற ராம் 2666-ல் ஓடுவது சகஜம்.

அடுத்து தூசி. இதைத்தான் ஆலத்தியூர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்வேன். செந்துறை வட்டாரத்துப் புழுதியில் மண்ணும் சுண்ணாம்புப் பொடியும் கலந்திருக்கும். மழைக்கால ஈரத்தில் அது கூலர் தகடுகளுக்கு நடுவே பூச்சு மாதிரி இறுகிவிடும். ஈரத்துணி கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டி, பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் போகும். அவன் சிஸ்டத்தில் இதைச் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தியதும் 97-ல் நின்றது 82-க்கு வந்தது. செலவு பேஸ்ட்டுக்கு மட்டும். கூடவே வந்த குட்டிக் கூலரை மாற்றி ஒரு டவர் கூலர் போடுவது அடுத்த படி. டெல், எச்பி பெட்டிகளில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அவர்கள் சொந்த அளவில் இருப்பதுண்டு. திருகுத் துளை பொருந்துமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரைசன் 5000-உம் அதற்குப் பிந்தியதும் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் தேர்வு ஓவர்கிளாக்குக்கு நேர் எதிரானது: வோல்டேஜைக் குறைப்பது. பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் இருந்தால் மைனஸ் 10 வையுங்கள். சூடு இறங்கும், இறங்கிய இடத்தில் சிப் தானாகவே மேலே ஏறும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். மிகை வோல்டேஜால் இந்தச் சிப்கள் கெடுவதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, பெட்டியில் விற்ற சிப்களின் வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு வாரன்டி கிடையாது. அதற்கென இன்டெல் தனியாக விற்ற காப்புத் திட்டமும் 2021 மார்ச்சில் நின்றுபோனது.

இத்தனைக்கும் பிறகு கே சிப், இசட் போர்டு, நல்ல கூலர், வாட்டில் தாராளமான எஸ்எம்பிஎஸ் எல்லாம் இருந்தால் செய்து பாருங்கள். பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் சினிபெஞ்ச் ஓட்டுங்கள். சோதனையைச் சித்திரை மதியத்தில் வையுங்கள். மார்கழி இரவில் தேறியது சித்திரையில் நீலத்திரை காட்டும். பயாஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம், யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். சிஸ்டம் எழாமல் அடம்பிடித்தால் பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள 2032 பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட வேண்டும். சில பெட்டிகளில் அது கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஆரம்பிக்கும் முன்பே டார்ச் அடித்து அது எங்கே என்று பார்த்து வையுங்கள்.